ரெவெல் 1/96 கான்ஸ்டிடியூஷன்: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

ரெவெல் நிறுவனம் 1965-இல் முதலில் வெளியிட்ட, யுஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷன் என்ற அமெரிக்கப் பாய்மரப் போர்க்கப்பலின் பிளாஸ்டிக் மாடல் கிட், 1/96 அளவு, இன்னும் அவ்வப்போது புதுப் பெட்டியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டிய அச்சு என்பதால் வாங்கலாமா என்ற சந்தேகம் நியாயமே. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏரா எனும் அடிச்சட்டத்திலிருந்து மேல்தளத்தின் பக்கச்சுவர் வரை உள்ள பகுதிக்காகவே கொடுத்த காசு தகும். அதற்கு மேலே பெட்டியில் இருக்கும் நூல், பாய், கப்பி, ராட்லைன் (கயிற்றேணிப் படி) அத்தனையையும் மாற்றும் எண்ணத்தோடு வாங்குபவருக்கு இது அருமையான கிட். பெட்டியில் உள்ளதை உள்ளபடியே ஒட்டி முடித்தால் கிடைப்பது பெரிய அளவிலான ஒரு அலங்காரப் பொருள்தான்.

முதலில் இட வசதியைப் பாருங்கள். நிஜக் கப்பலின் உடல் 204 அடி, நடுப் பாய்மரமான மெயின் மாஸ்ட் 220 அடி. 96-ஆல் வகுத்தால் உடல் மட்டும் 65 செ.மீ., மாஸ்ட் 70 செ.மீ. முன்னே நீளும் பௌஸ்பிரிட் கம்பத்தையும் பின்னே துருத்தும் ஸ்பேங்கர் பூம் கம்பத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தொடும் நீளம். வேலை மேசையில் அதைச் சுற்றிக் கை போக இடம் வேண்டும். ரிக்கிங், அதாவது கயிறுகள், கட்டும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறி வேலை செய்தாக வேண்டும் என்பதால் சுவரை ஒட்டிய மேசை உதவாது.

இந்த அளவில் மனதில் நிற்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று: நிஜத்தின் ஓர் அங்குலம் மாடலில் 0.26 மி.மீ., ஓர் அடி 3.2 மி.மீ. ஐந்தரை அடி ஆள் என்றெல்லாம் யோசிக்காமல், 17.5 மி.மீ. உயரத்துக்கு ஒரு மனித உருவத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். படி, கைப்பிடி, தளத் திறப்பான ஹேட்சின் விளிம்பு, பீரங்கி என எதைச் செய்தாலும் பக்கத்தில் அதை நிறுத்திப் பாருங்கள். அளவுகோல் காட்டாத பிழையை அந்த அட்டை ஆள் காட்டிவிடுவார்.

எந்த ஆண்டின் கப்பலைச் செய்கிறோம் என்பதை வண்ணம் தொடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கான்ஸ்டிடியூஷன் 1797 அக்டோபர் 21-இல் பாஸ்டனில் நீரில் இறங்கியது. இன்றும் சார்ல்ஸ்டவுன் கடற்படைத் தளத்தில் மிதக்கிறது. இடையில் எத்தனையோ முறை பழுது பார்க்கப்பட்டு உருமாறியது. முகப்பில் முதலில் இருந்த ஹெர்குலிஸ் சிலை 1804-இல் இன்னொரு அமெரிக்கக் கப்பலோடு மோதியதில் சிதைந்தது. 1812 போரின்போது அங்கே சுருள் வடிவ பில்லட் ஹெட்தான். பீரங்கி வரிசை ஓடும் பட்டை இன்று வெள்ளை. ஐசக் ஹல் கேப்டனாக இருந்தபோது, அதாவது 1812 ஆகஸ்ட் 19-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் கெரியரை வென்ற சமயத்தில், அது மஞ்சள் காவி. இதற்குச் சான்று அந்தக் காலத்திலேயே மாலுமிகள் செய்து கேப்டனுக்கு அளித்த மாடல். அமெரிக்காவின் சேலம் நகரத்துப் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிக்கேலே ஃபெலிசே கோர்னே வரைந்த போர்க் காட்சி ஓவியங்களும் உண்டு. வெள்ளைப் பட்டை அடித்துவிட்டு 1812 என்று பெயர்ப்பலகை வைப்பதுதான் இந்தக் கிட்டில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. கப்பலின் இன்றைய வரைபடங்கள் மாடல் செய்வோருக்குக் கிடைக்கின்றன, பயனுள்ளவை. ஆனால் அவை காட்டுவது இன்றைய கப்பலை.

கப்பலின் உடலான ஹல் இரண்டு பாதிகளாக வருகிறது. பலகைக் கோடுகளும் அடிப்பகுதிச் செம்புத் தகடுகளும் அச்சிலேயே வார்க்கப்பட்டுள்ளன. இந்த வேலைப்பாடு இன்றைய புதிய கிட்களுக்கு இளைத்ததல்ல. ஆனால் இவ்வளவு நீளமான மெல்லிய பிளாஸ்டிக் நேராக நிற்காது. பெட்டியில் கிடந்த விதத்தைப் பொறுத்து உட்பக்கமோ வெளிப்பக்கமோ வளைந்திருக்கும். ஒட்டுவதற்கு முன் இரண்டு பாதிகளையும் டேப்பால் சேர்த்து, பீரங்கித் தளமான கன் டெக்கை உள்ளே வைத்து, பக்கச்சுவர் மேல்விளிம்பில் அகலத்தை நாலைந்து இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கே உள்ளே ஒடுங்குகிறதோ அங்கே 3 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் குறுக்குச் சட்டம் வெட்டிக் கன் டெக்கிற்குக் கீழே வைத்து ஒட்ட வேண்டும். அங்கே வைத்தால் யார் கண்ணிலும் படாது. ஐந்து சட்டங்கள் போதும்.

ஏரா வழியே ஒட்டும்போது முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்டக் கூடாது. அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, தொடங்கி 10 செ.மீ. ஒட்டி, டேப் சுற்றி, அது பிடித்தபின் அடுத்த 10 செ.மீ. என்று போனால் முறுக்கு வராது. மூடுவதற்கு முன் மறக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஸ்டாண்டுக்கான நட்டு: ஏராவின் உட்பக்கம் இரண்டு இடங்களில் மரத்துண்டு வைத்து அதில் 4 மி.மீ. நட்டை எப்பாக்ஸிப் பசையால் பதித்துவிட வேண்டும். பெட்டியோடு வரும் ஸ்டாண்ட், கப்பலைத் தாங்குமே தவிரப் பிடித்துக்கொள்ளாது. ரிக்கிங் கட்டும்போது கப்பல் அசையாமல் இருப்பது பாதி வேலை. இரண்டு, மாஸ்ட் அடி உட்காரும் இடம். மூன்று மாஸ்ட்களும் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், மிசன் எனப்படும் பின் மாஸ்ட் எல்லாவற்றிலும் அதிகம். அந்தச் சாய்வைத் தீர்மானிப்பது டெக்கில் உள்ள துளை மட்டுமல்ல, கீழே அடி உட்காரும் இடமும்தான். டெக் போட்ட பிறகு அதைத் திருத்த வழியில்லை.

அடுத்து செய்ய வேண்டியது பீரங்கி வாசல்கள். இதில் போடும் உழைப்புக்குக் கிடைக்கும் பலன் வேறு எதிலும் கிடைக்காது. கான்ஸ்டிடியூஷனின் பக்கச்சுவர் நீர்மட்டத்தில் 21 அங்குலத்துக்கு மேல் தடிமன். அந்தத் தடிமன்தான் அதற்கு ‘இரும்புப் பக்கம்’ என்ற பெயரையே வாங்கித் தந்தது. மாடலில் அது 5.5 மி.மீ. பிளாஸ்டிக்கோ 2 மி.மீ. அளவுக்குத்தான். வாசல் வழியே பார்ப்பவர் கண்ணுக்குத் தகரச் சுவரில் ஓட்டை போட்ட மாதிரி தெரியும். ஒவ்வொரு வாசலின் நான்கு ஓரத்திலும் 0.5 மி.மீ. தடிமனும் 4 மி.மீ. அகலமும் உள்ள ஸ்டைரீன் பட்டையை உட்பக்கமாக நீட்டி ஒட்டுங்கள். வாசல் ஒவ்வொரு ஓரத்திலும் அரை மி.மீ. சுருங்கும் என்பதால் முதலில் ஊசி அரத்தால் அந்த அளவு அகலப்படுத்திக்கொள்ள வேண்டும். கன் டெக்கின் விளிம்பு கீழ்ப்பட்டையில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு வாசலுக்கும் சோதித்துப் பார்த்தபின் ஒட்டுங்கள். இடித்தால் டெக் விளிம்பை அராவுங்கள், பட்டையை அல்ல. இதைப் பாதிகள் பிரிந்திருக்கும்போதே செய்துவிட்டால் சிரமமில்லை. பிறகு என்றால் கை நுழையாது.

டெக்கிற்கு வருவோம். இந்தக் கிட்டைப் பற்றிய பழைய புகார் இதுதான்: மேல்தளம் ஒரே துண்டாக இல்லாமல் மூன்று துண்டுகளாக வருகிறது. கப்பலின் குறுக்கே நேர்க்கோடாக ஓடும் இரண்டு இணைப்புகள் பலகை வரிசையை வெட்டிக் காட்டும். புட்டி மட்டும் வைத்து அடைத்தால், ஹல் கொஞ்சம் வளைந்தாலும் ஆறு மாதத்தில் மயிரிழை விரிசலாக அது திரும்பி வரும். இணைப்பின் அடியில் 10 மி.மீ. அகலமுள்ள ஸ்டைரீன் தகட்டை ஒட்டி, மூன்றையும் வெளியிலேயே ஒரே துண்டாக்கி, பிறகு கப்பலுக்குள் இறக்க வேண்டும். சமதளப் பலகையில் வைத்து ஒட்டக் கூடாது, ஏனென்றால் டெக் நடுவில் மேடாகவும் முனைகளில் உயர்ந்தும் வளைந்திருக்கிறது. கப்பலின் உள்தாங்கியிலேயே பசையில்லாமல் உட்கார்த்தி வைத்து, இணைப்பை ஒட்டி, காய்ந்த பிறகு வெளியே எடுங்கள். இடைவெளியை அடைக்க, அச்சுச் சட்டத்தின் துண்டுகளைத் திரவப் பசையில் கரைத்த கூழ் புட்டியை விட மேல். காய்ந்தபின் அதுவும் பிளாஸ்டிக்தான், அதே கடினம். ஒரு வாரம் காய விட்டு, தேய்த்து, பலகைக் கோடுகளைச் சுரண்டும் கருவியால் மீண்டும் இழுத்துவிடலாம்.

மரப் பட்டை ஒட்டி டெக்கை மூடிவிடுவது இன்னொரு வழி. தனியாக லேசரில் வெட்டிய மரத்தளங்களும் விற்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கை. பட்டை 0.5 மி.மீ. என்றால் டெக் நிஜக் கணக்கில் 5 செ.மீ. உயர்கிறது, பீரங்கிகளும் அந்த அளவு உயர்ந்து வாசலின் நடுவிலிருந்து மேலே போய்விடும். வண்டிச் சக்கரங்களை அதற்கேற்ப அராவ வேண்டும், அல்லது ஒட்டுவதற்கு முன் டெக்கின் மேற்பரப்பைத் தேய்த்து இறக்க வேண்டும். இரண்டாவது, மரத்தின் நிறம். புதுமரத்தின் மஞ்சள் சிவப்பு ஒரு போர்க்கப்பலில் கிடையாது. உப்புநீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்து வெளிறிய சாம்பல் கலந்த பழுப்பு அது. அந்த நிறத்தை வண்ணத்தில் கொண்டுவருவது மரத்தில் கொண்டுவருவதை விட எளிது. ஆகையால் இணைப்பைச் சரியாக மறைத்தவர் மரம் வாங்கத் தேவையில்லை.

வண்ணத்தில் செய்வதென்றால் வெளிர் மணல் நிறம் முழுக்க அடித்து, அதையே சற்று வெளுத்தும் சற்றுக் கருத்தும் இரண்டு கலவையாக்கி, அங்கங்கே ஒவ்வொரு பலகையாகத் தொட்டு, மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகே ரா அம்பர் ஆயில் வண்ணத்தை மினரல் ஸ்பிரிட்டில் நீர்த்து ஓட விட வேண்டும். வார்னிஷ் இல்லாமல் நேராக விட்டால், இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் மூலைகளில் ஸ்பிரிட் புகுந்து விரிசல் விடும். கடைசியாக மேட் வார்னிஷ்.

பீரங்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுக் கோட்டைச் சுரண்டுங்கள், வாயைத் துளையுங்கள். கன் டெக்கில் நிற்கும் 24 பவுண்டர்களின் (24 பவுண்டு குண்டு சுடுபவை) குழாய் உள்விட்டம் 5.82 அங்குலம், எனவே 1.5 மி.மீ. துளை. மேல்தளத்துக் குட்டை கேரனேடுகள் 32 பவுண்டர், வாய் 6.25 அங்குலம், 1.6 மி.மீ. நேராக 1.5 மி.மீ. துரப்பணத்தை வைத்தால் மையம் விலகும். முதலில் ஊசியால் குத்தி, 0.6 மி.மீ.யில் தொடங்கி இரண்டு மூன்று படியாகப் பெரிதாக்குங்கள். பின்னுதைப்பைத் தடுக்கும் தடித்த கயிறு 0.5 மி.மீ. மேல்தளத்துக் கேரனேடுகளுக்கு அதைக் கட்டாயம் போடலாம். கன் டெக்கில் ஹேட்ச் வழியே தெரியும் நாலைந்து பீரங்கிகளுக்கு மட்டும் போட்டால் போதும். மற்றவற்றுக்குப் போடுவது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது.

செம்புத் தகடுகளைத் தேய்த்தெடுத்துவிட்டு உண்மையான செம்பு டேப்பை ஒட்டுவது பலருக்கு ஆசை. அக்காலத் தகடு 48 அங்குலத்துக்கு 14 அங்குலம், மாடலில் 12.7-க்கு 3.7 மி.மீ. அந்த அளவில் ஆயிரக்கணக்கில் வெட்டி ஒட்டினாலும் முடிவில் புதுக் காசு மாதிரி மின்னும் ஒரு அடிப்பகுதிதான் மிஞ்சும். கடலில் ஓடிய செம்பு மின்னாது; மந்தமான பழுப்பு, நீர்மட்டத்தை ஒட்டிப் பச்சை படிந்த சாம்பல். வார்ப்பில் உள்ள தகடுகளை 600 நம்பர் தாளால் லேசாக ஒரு முறை தடவிவிட்டு அடர் பழுப்பு அடித்து, உலர் தூரிகையில் கொஞ்சம் செம்பு, நீர்மட்டத்தருகே நீர்த்த பச்சைச் சாம்பல் என்று போனால் அரை நாள் வேலை. பணத்தைக் கயிற்றுக்கு மிச்சம் பிடியுங்கள்.

இனி மேலே. இந்தக் கிட்டில் எது தோற்றாலும் மாஸ்ட்டில்தான் முதலில் தோற்கும். கீழ் மாஸ்ட்களை நிமிர்த்த முடியும்: உள்ளே உள்ள வெற்றிடத்தில் பொருந்தும் அலுமினியம் குழாயை எப்பாக்ஸியில் பதித்து, அதன் அடியை ஏரா வரை இறக்கிவிட்டால் அசையாது. மேலே உள்ள டாப்மாஸ்ட், டாப்கேலண்ட் பகுதிகளுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. மெல்லிய பிளாஸ்டிக் கம்பு, முன்னே ஸ்டே என்ற கயிறு இழுக்கும், பின்னே பேக்ஸ்டே என்ற கயிறு இழுக்கும். கட்டிய அன்று நேராக இருக்கும், வெயில் காலம் வந்தால் வில்லாக வளையும். வளைந்தவுடன் ஒரு பக்கக் கயிறு தொங்கும், அதை இறுக்கினால் இன்னொன்று தொங்கும். முடிவே இல்லாத வேலை.

டாப்மாஸ்ட்டை 5 மி.மீ. பீச் அல்லது பிர்ச் மரக் கம்பில் செய்யுங்கள். டாப்கேலண்ட்டும் அதற்கு மேலே உள்ள ராயலும் அடியில் 2.6 மி.மீ., உச்சியில் 1.2 மி.மீ.; இதற்கு மூங்கிலை விடச் சிறந்த பொருள் கிடையாது. பிளந்த மூங்கிலைத் துரப்பணத்தில் பொருத்திச் சுழலவிட்டு மணல்தாளால் பிடித்தால் நாரோடு ஒட்டிச் சீராக மெலியும், ஒடியாது. துரப்பணத்தைச் சீரான மெது வேகத்தில் வையுங்கள். வேகம் கூடினால் மறுமுனை சாட்டையாக அடிக்கும். பித்தளைக் கம்பியில் செய்பவர்களும் உண்டு. உறுதி கேள்விக்கிடமில்லை, ஆனால் கூம்பாக மெலிய வைக்க லேத் வேண்டும், வண்ணமும் உரியும். மாஸ்ட்டின் மேடைகளான பிளாஸ்டிக் டாப்களையும் குறுக்குச் சட்டங்களையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். துளைகளை மட்டும் புது மாஸ்ட் அளவுக்கு அராவ வேண்டும். பாய் கட்டும் குறுக்குமரங்களான பருமல்களில் கீழ்ப் பருமல்களைக் கிட்டிலிருந்தே எடுத்து உள்ளே கம்பி பதித்துப் பயன்படுத்தலாம், மேலே உள்ளவற்றுக்கு மூங்கில்.

மாஸ்ட்டைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரௌட் கயிறுகள் கீழே வந்து சேரும் இடம் சேனல் எனப்படும் பலகை, ஹல்லின் வெளிப்பக்கம் நீண்டிருக்கும். பசை மட்டும் இட்டு ஒட்டிய சேனல், ஷ்ரௌட்கள் அத்தனையும் சேர்ந்து மேலே இழுக்கும்போது நிச்சயம் பெயரும். ஒவ்வொரு சேனலின் உள்விளிம்பிலும் 0.8 மி.மீ. பித்தளை ஊசி நாலு பதித்து, ஹல்லில் துளையிட்டு நுழைத்து, உட்பக்கம் எப்பாக்ஸி இடுங்கள். இதுவும் டெக் போடும் முன்பு செய்ய வேண்டியது.

மூன்று துளை கொண்ட மரவட்டுகளான டெட்-ஐகள் கிட்டில் இடைக்கயிற்றோடு சேர்த்தே வார்க்கப்பட்டுள்ளன. வசதிதான், ஆனால் கயிறு என்று நினைக்க இடமில்லை. பிளாஸ்டிக் குச்சிகள் அவை. வெட்டி எறிந்துவிட்டு 3.5 மி.மீ. மர டெட்-ஐகள் வாங்குங்கள், டாப்மாஸ்ட் ஷ்ரௌட்களுக்கு 2.5 மி.மீ. கீழ் வட்டை 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியால் சுற்றி, ஹல்லில் பதியும் செயின் பிளேட்டாக அதையே நீட்டலாம். இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: செயின் பிளேட்கள் எல்லாம் செங்குத்தாக இறங்குவதில்லை. ஒவ்வொன்றும் அதனதன் ஷ்ரௌட்டின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், பின்னே போகப் போகச் சாய்வு கூடும். மாஸ்ட்டின் தலையில் ஒரு நூலைக் கட்டி, சேனலின் ஒவ்வொரு பள்ளத்தின் வழியாகவும் ஹல் வரை இழுத்துப் பிடித்துப் பென்சிலால் குறித்தால் கோணம் தானாக வந்துவிடும். நூல் கீழ் வரிசைப் பீரங்கி வாசலைக் கடந்தால் அந்த ஷ்ரௌட்டின் இடத்தையே கொஞ்சம் நகர்த்துங்கள். வாசலுக்குக் குறுக்கே செயின் பிளேட் எந்தக் கப்பலிலும் போகாது.

கயிறு. மாடலின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இதுதான், கிட் கைவிடுவதும் இங்கேதான். பெட்டியில் வரும் நூல் சில தடிமன்களில்தான் இருக்கும். நிஜக் கப்பலில் பெருவிரல் அளவிலிருந்து தொடை அளவு வரை கயிறுகள் உண்டு. பழைய அட்டவணைகளைப் பார்த்து அளவு எடுப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அவற்றில் உள்ள அங்குலம் கயிற்றின் சுற்றளவு, விட்டமல்ல. பத்து அங்குலக் கயிறு என்றால் மூன்றே கால் அங்குல விட்டம். விட்டமென்று எடுத்துக்கொண்டால் மூன்று மடங்கு தடித்த கயிறு கட்டி, கப்பலுக்கு விலங்கு மாட்டியது போலாகிவிடும். இந்த அளவுக்கான குறுக்குவழி: அட்டவணையில் உள்ள சுற்றளவு அங்குலத்தை 0.084-ஆல் பெருக்கினால் மாடல் நூலின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும்.

அக்கால வழக்கப்படி மெயின் ஸ்டேயின் சுற்றளவு மாஸ்ட் விட்டத்தில் பாதி, கீழ் ஷ்ரௌட் அந்த ஸ்டேயில் பத்தில் ஆறு பங்கு. மாஸ்ட் ஏறக்குறைய மூன்றடி விட்டம் என்று கொண்டால் மெயின் ஸ்டே சுமார் 1.5 மி.மீ., கீழ் ஷ்ரௌட் 0.9, டெட்-ஐ இடைக்கயிறு 0.4, டாப்மாஸ்ட் ஷ்ரௌட் 0.5, டாப்கேலண்ட் ஷ்ரௌட் 0.35, கீழ்ப் பருமலைத் திருப்பும் கயிறான பிரேஸ் 0.3, உச்சிப் பருமலின் பிரேஸ் 0.17, ராட்லைன் 0.13. எட்டு அளவுகள். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். இரண்டு மூன்று கிடைக்காவிட்டால் பக்கத்து அளவை எடுக்கலாம், ஆனால் தடித்ததை எடுக்காமல் மெல்லியதை எடுங்கள். சற்று மெல்லிய கயிற்றைக் கண் மன்னிக்கும், தடித்ததை மன்னிக்காது.

நூலின் வகை பாலியெஸ்டர். பருத்தி ஈரக்காற்றில் நீளும் சுருங்கும், மேலே பஞ்சு நிற்கும், தேன்மெழுகு தடவினாலும் சில ஆண்டுகளில் தூசி பிடித்துக்கொள்ளும். நிலையாக நிற்கும் கயிறுகள் தார் பூசியவை என்பதால் கருமை கலந்த பழுப்பு. முழுக் கறுப்பு கண்ணை அறையும். இழுத்து விடும் கயிறுகள் சணல் நிறம், வெள்ளை கிடையவே கிடையாது.

கட்டும் வரிசை முக்கியம். முதலில் பௌஸ்பிரிட்டை ஹல்லோடு கட்டி, கீழிருந்து இழுக்கும் பாப்ஸ்டேக்களைப் போட்டுவிடுங்கள். அதைச் செய்யாமல் முன் மாஸ்ட்டின் ஸ்டேயான ஃபோர் ஸ்டேயை இறுக்கினால் பௌஸ்பிரிட் மேலே தூக்கிக்கொள்ளும். பிறகு கீழ் ஷ்ரௌட்கள், வலப்பக்கம் முன் ஜோடி, இடப்பக்கம் முன் ஜோடி, மீண்டும் வலப்பக்கம் என்று மாறி மாறி மாஸ்ட் தலையில் ஒன்றன் மேல் ஒன்றாக. பிறகே ஸ்டே. இடைக்கயிறுகளைக் கடைசி வரை முடிச்சிடாமல் தளர்வாக விட்டு, எல்லாம் ஏறிய பின் ஒரே சுற்றில் இறுக்குங்கள். டெட்-ஐகளின் மேல் வரிசை ஒரே மட்டத்தில் நிற்க, 0.8 மி.மீ. கம்பியைக் கொக்கியாக வளைத்து மேல் வட்டுக்கும் கீழ் வட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு ஷ்ரௌட்டைத் திருப்பிக் கட்டினால் போதும். முடிச்சில் தடவ நீர்த்த பிவிஏ பசை. சூப்பர் க்ளூ நூலைக் கண்ணாடியாக்கிவிடும். வெண்மை படியும், பிறகு தொட்டால் ஒடியும்.

ராட்லைன்கள் கிட்டில் பிளாஸ்டிக் பூசிய வலையாகத் தயாராகவே வருகின்றன. தூக்கிப் போடுங்கள், வேறு வார்த்தை இல்லை. நிஜத்தில் படிகளுக்கு இடையே 13 முதல் 15 அங்குலம், மாடலில் 3.4 முதல் 4 மி.மீ. ஒரு அட்டையில் 3.7 மி.மீ. இடைவெளிக்குக் கோடு போட்டு ஷ்ரௌட்களுக்குப் பின்னால் செருகி, கோட்டின் மேலேயே கட்டிப் போகலாம். நடு ஷ்ரௌட்களில் க்ளோவ் ஹிட்ச் எனும் இருசுற்று முடிச்சு, இரண்டு ஓரத்திலும் சாதா முடிச்சு, அதில் ஒரு சொட்டுப் பசை. கோடு நீர்மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், சேனலுக்கு அல்ல.

இந்த வேலையில் எல்லோருக்கும் வரும் சிக்கல், ஷ்ரௌட்கள் உள்ளே இழுபட்டு உடுக்கை இடுப்பாவது. ஒவ்வொரு முடிச்சும் மயிரிழை இழுக்கும். நாற்பது படி ஏறும்போது அது 3 மி.மீ. ஆகிவிடும். தடுக்க, தொடங்கும் முன்பே உயரத்தில் மூன்று இடங்களில் கெட்டிக் கம்பியைக் குறுக்கே வைத்து ஒவ்வொரு ஷ்ரௌட்டையும் அதனோடு தற்காலிகமாகக் கட்டிவிடுங்கள். பிறகு ஐந்து படிக்கு ஒன்றாக மட்டும் கீழிருந்து மேலே கட்டி முடித்து, அடுத்த சுற்றில் இடைவெளிகளை நிரப்புங்கள். கம்பியைக் கடைசியில் உருவிக்கொள்ளலாம். முடிச்சுகளுக்கு இடையே நூல் கொஞ்சம் தொங்கினாலும் பரவாயில்லை. மாலுமிகள் மிதித்த படிகள் அவை.

கப்பிகளையும் மாற்றுங்கள். 2, 3, 4 மி.மீ. மரக் கப்பிகள் முறையே சுமார் 7.5, 11, 15 அங்குலக் கப்பிகளுக்கு நிகர். வேறு அளவு தேவைப்படுவது மிகச் சில இடங்களில். கடையில் கிடைப்பவை பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். உட்பக்கம் மணல்தாள் ஒட்டிய மூடி போட்ட சிறு டப்பாவில் ஐம்பது ஐம்பதாகப் போட்டு நன்றாகக் குலுக்கினால் விளிம்பு உருண்டு வரும், துளையை ஊசியால் மீண்டும் திறந்துவிட்டால் தயார். கயிறுகளைச் சுற்றிக் கட்டும் பீலேயிங் ஊசிகளைப் பித்தளையில், 4.5 மி.மீ. நீளத்துக்கு மேல் போகாமல் வாங்குங்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 8 மி.மீ.; அட்டை ஆளின் பக்கத்தில் நிறுத்தினால் அவர் இடுப்பு உயரத்துக்கு வெறும் ஊசி நிற்கும்.

பாய்கள் வெற்றிட வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் தாள்கள். கால் மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டாலும் நிஜத்தில் ஓர் அங்குலக் கான்வாஸ். காற்றில் நிரந்தரமாக ஊதியிருக்கும் இந்தப் பாய்களைப் போட்டால் கட்டிய கயிறுகளில் பாதி மறைந்தும் விடும். பாய் இல்லாமல் விடுவதே இந்த மாடலுக்கு அழகு. ஆனால் பாய் இல்லாத கப்பலில் பருமல்கள் கிட் படம் காட்டும் உயரத்தில் நிற்காது. கீழ்ப் பருமல் ஸ்லிங் என்ற கயிற்றில் தொங்குவது, அது இருந்த இடத்திலேயே இருக்கும். டாப்செயில் பருமல் கீழ் மாஸ்ட்டின் மூடிக்குச் சற்று மேலே இறங்கிவிடும், டாப்கேலண்ட் பருமலும் அப்படியே அதன் கீழ் மூடி வரை. தாங்கும் லிஃப்ட் கயிறுகள் அப்போதுதான் இறுகும். பருமல் மேலே ஏறியிருக்கும்போது அவை தொங்கலாக இருக்க வேண்டும். ஏற்றிய பருமலில் லிஃப்டையும் இறுக்கிக் கட்டுவது, பார்ப்பவரில் பத்தில் ஒருவருக்கே தெரியும் தவறு; ஆனால் அந்த ஒருவருக்குக் கப்பல் தெரியும். சுருட்டிய பாய் வேண்டுமென்றால் மெல்லிய டிஷ்யூ தாளில் செய்யுங்கள், முழு உயரத்துக்கு வெட்டாமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு. முழுப் பாயைச் சுருட்டினால் பருமலின் மேல் மெத்தையைக் கட்டியது போல் புடைக்கும்.

கையேட்டின் ஒட்டு வேலைப் படங்கள் தெளிவானவை, ரிக்கிங் படங்கள் சுருக்கப்பட்டவை. எந்தக் கயிறு எந்த ஊசியில் வந்து சுற்ற வேண்டும் என்பதற்குக் கையேட்டை நம்பாமல், ரிக்கிங் தொடங்கும் முன்பே சொந்தமாக ஒரு ஊசிப் பட்டியல் வரைந்துவிடுவது நல்லது. மாஸ்ட்டில் முன்னே கட்டும் கயிறு முன்னே உள்ள ஊசிக்கு, மேலே கட்டுவது பின்னே உள்ள ஊசிக்கு என்ற பொது ஒழுங்கில் போனால் கயிறுகள் ஒன்றையொன்று தேய்க்காமல் இறங்கும்.

இதற்கு மாற்றாக எப்போதும் பேசப்படுவது ஹெல்லர் நிறுவனத்தின் 1/100 விக்டரி. அது மூன்று பீரங்கித் தளங்கள் கொண்ட 104 பீரங்கிக் கப்பல். ராட்லைன் பின்ன ஒரு சட்டமும் பெட்டியிலேயே உண்டு. பிரமிப்பான கிட், ஆனால் ஒரே வேலையை மூன்று மடங்கு செய்ய வைக்கும். வாசல்களுக்கு உள்விளிம்பு வைப்பது கான்ஸ்டிடியூஷனில் சில நாள் மாலை வேலை என்றால் விக்டரியில் ஒரு பருவமே போகும். பிளாஸ்டிக் பாய்மரக் கப்பலை நிஜத்துக்கு நெருக்கமாக மாற்றிப் பார்க்க நினைப்பவருக்கு ஒற்றைத் தளத்து ரெவெல்தான் சரியான முதல் கிட். ரிக்கிங்கே கட்டியறியாதவர் இதை விடச் சிறிய, இரண்டு மாஸ்ட் கப்பல் ஒன்றைக் கட்டிவிட்டு வரலாம்.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதித்தால் மூன்றைச் சோதியுங்கள்: ஹல் பாதிகளின் வளைவு, டெக் துண்டுகளின் இணைப்பு விளிம்பு, கப்பலின் பின்புற ஜன்னல் சட்டங்களில் ஒடிவு. மாஸ்ட் வளைந்திருந்தாலோ நூல் சிக்கலாக இருந்தாலோ கவலையில்லை, அவை குப்பைக்குத்தான் போகின்றன. கிட்டோடு சேர்த்தே கண்ணாடிப் பெட்டிக்கும் கணக்குப் போட்டுவிடுங்கள். ஸ்டாண்டையும் சேர்த்து உள்ளளவு 80 செ.மீ. உயரம், 110 செ.மீ. நீளம், பருமல் முனைகளுக்காக 45 செ.மீ. அகலம் வேண்டும். 0.13 மி.மீ. கயிற்றில் ஏறிய தூசியைத் துடைக்க இதுவரை எந்தத் தூரிகையும் உதவியதில்லை.